தேநீரும் தேகத்தின் பருமனும்

இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தன் மலைச்சரிவுகளில் விளைவிக்கும் மாநிலத்தின் தலைநகராகவும், காப்பி வாரியத்தின் தலைமைக் காரியாலயத்தை விதான சௌதாவுக்கு அருகிலேயே வைத்திருக்கும் ஊராகவும், 1924இல் தோன்றிய மாவள்ளி டிபன் ரூம்ஸ், 1943இல் தோன்றிய காந்தி பஜார் வித்யார்த்தி பவன் போன்ற சிற்றுண்டிச் சாலைகளின் காப்பி மணத்திலேயே வளர்ந்த நகரமாகவும் விளங்குகிற பெங்களூரில், சமீப காலமாகத் தேயிலைக்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டிருக்கிறது. அந்த மதிப்பு அதன் ருசியினால் வந்ததன்று. சரீரத்தின் பருமனைக் குறைக்கும் என்ற நம்பிக்கையினால் வந்தது. லால்பாக்கிலோ, கப்பன் பூங்காவிலோ, அல்சூர் ஏரிக்கரையிலோ அதிகாலையில் நடைபயிலுகிறவர்களிடம் சிறிது நேரம் பேச்சுக் கொடுத்தால், ‘காப்பியை விட்டுவிட்டேன், கிரீன் டீக்கு மாறிவிட்டேன்’ என்று சொல்பவர் ஒருவராவது நிச்சயம் அகப்படுவார். வீட்டு அலமாரியில் பச்சைப் பெட்டி ஒன்றும், அதற்குள் நூல் கட்டிய சிறு பைகளும் இருக்கும். காலையில் ஒன்று, இரவு படுக்கப் போகுமுன் ஒன்று என்று, பிடிக்கிறதோ இல்லையோ, மருந்து சாப்பிடுவது போலக் குடித்து வருவார்.

இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை விசாரிப்பதற்கு முன்னால் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. கொழுப்பைக் கரைக்கிற சக்தி தேயிலைக்கு இல்லையென்றே சொல்லிவிடலாம். இருக்கிற சிறிதளவும் தராசில் தெரியாது. ஆனால் உடல் இளைக்க விரும்புகிற நம் ஊர் மனிதர்களுக்கு, தினமும் நாலைந்து தடவை டீக்கடைக்குப் போய் நிற்கிறவர்களுக்கு, தேநீரைக் குடிக்கும் முறையில் செய்யப்படுகிற ஒரு மாற்றம் பெரிய சகாயமாக முடியும். அந்தச் சகாயம் இலையிலிருந்து வருவதில்லை. இலையோடு நாம் சேர்க்கிற பதார்த்தங்களை விலக்குவதிலிருந்து வருகிறது.

விஷயம் அற்பமானதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளிலும் புருஷர்களிலும் நூற்றுக்கு 30 பேர் இருக்கவேண்டிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெண்களில் அது 40 பேர். இதிலும் இந்திய சரீரத்துக்கென்று ஒரு விசேஷம் உண்டு. பூனா நகரத்து வைத்திய ஆராய்ச்சியாளர் யாக்னிக், தம்மையும் தம் பிரிட்டிஷ் நண்பரான யட்கின் என்பவரையும் அருகருகே நிற்கவைத்து எடுத்த ஒரு புகைப்படம் 2004இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளிவந்தது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3, ஆனால் உடலில் இருந்த கொழுப்போ, வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றுகிறவரின் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு குடியிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. அதனால்தான், மேல்நாடுகளில் 25க்கு மேல் போனால் அதிக எடை என்று வகுத்திருக்க, இந்தியர்களுக்கு அந்த எல்லையை 23 என்று நம் வைத்தியர்கள் குறைத்து வைத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்றும் சொன்னார்கள்.

பச்சைத் தேயிலை உடலை இளைக்கச் செய்யும் என்ற எண்ணத்துக்கு விஞ்ஞானத்தின் ஆசீர்வாதம் கிடைத்தது 1999இல் என்று சொல்லலாம். ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா நகரத்துச் சர்வகலாசாலையில் டுல்லூ என்பவரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான 10 இளைஞர்களை, மூச்சுக் காற்றை அளக்கும் வசதியுள்ள ஓர் அறைக்குள் ஒரு நாள் முழுவதும் இருக்கச் செய்து, அவர்களுடைய தேகம் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்று கணக்கெடுத்தார்கள். ஒரு நாள் பச்சைத் தேயிலையின் சத்துக்குளிகை, மற்றொரு நாள் அதே அளவு கஃபீன் மட்டும், இன்னொரு நாள் மருந்தே இல்லாத வெற்றுக் குளிகை. தேயிலைச் சத்தை உட்கொண்ட நாளில் சக்தியின் செலவு சுமார் 4 சதவீதம் கூடியிருந்தது. கஃபீன் மட்டும் உட்கொண்ட நாளில் அப்படிக் கூடவில்லை. எனவே கஃபீனோடு சேர்ந்து இலையிலுள்ள கேட்டகின் என்னும் பொருள்களும் வேலை செய்கின்றன என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ஆராய்ச்சி நேர்மையானது, முடிவும் தவறானதன்று. ஆனால் பத்து வாலிபர்கள் ஓர் அறைக்குள் ஒரு நாள் இருந்து பார்த்ததற்கும், ராஜாஜி நகரிலோ ஜெயநகரிலோ ஒரு குடும்பத் தலைவி வருஷக் கணக்கில் பச்சைத் தேநீர் குடித்து எடை குறைவதற்கும் இடையே உள்ள தூரத்தை அந்தச் செய்தியைப் பரப்பியவர்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கூடுதலாகச் செலவான அந்தச் சக்தி, நாளொன்றுக்கு 80 கலோரி அளவே. நாம் டீயில் கலக்கும் சர்க்கரையில் நான்கு தேக்கரண்டி அவ்வளவையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

பிறகு, நாள் கணக்கில் அன்றி வாரக் கணக்கில் மனிதர்களைக் கவனித்த பரிசோதனைகள் பல தேசங்களில் நடந்தன. அவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி, குறைந்தது பன்னிரண்டு வாரமாவது நடந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, காக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வுக் குழுவினர் 2012இல் ஒரு தீர்ப்பை வெளியிட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே நடந்த 6 பரிசோதனைகளின் சராசரியைப் பார்த்தால், பச்சைத் தேயிலைச் சத்தை உட்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இழந்த எடை 0.04 கிலோ. அதாவது 40 கிராம். ஓர் இட்லியின் எடைகூட இல்லை. ஜப்பானில் நடந்தவற்றில் பலன் சற்று அதிகமாகக் காணப்பட்டாலும், அவை ஒன்றுக்கொன்று ஒத்துவராமையால் ஒரே கணக்கில் சேர்க்க முடியவில்லை. இத்தனைக்கும் அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது, செறிவூட்டிய சத்து. நாம் வெந்நீரில் முக்கி எடுக்கும் ஒரு சிறு பையிலிருந்து அந்த அளவு கிடைப்பதற்கில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, ‘அப்படியானால் பழையபடி டீக்கடைக்கே போய்விடலாம்’ என்று யாரும் எழுந்துவிடக் கூடாது. விஷயத்தின் சாரம் அந்த டீக்கடையில்தான் இருக்கிறது.

ஸ்ரீராமபுரத்திலோ சிவாஜி நகரிலோ ஒரு தெருமுனைக் கடையில் நின்று டீ தயாராவதைக் கவனித்துப் பாருங்கள். அலுமினியப் பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கிறது. கைப்பிடியளவு டஸ்ட் டீ விழுகிறது. தட்டிய இஞ்சியும் ஏலக்காயும் விழுகின்றன. அதற்கு முன்பாகவே, அளந்து பார்க்காமல் ஒரு பெரிய டப்பாவிலிருந்து சர்க்கரை கொட்டப்பட்டிருக்கிறது. அது பொங்கி மேலே வரும்போது கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றி அடக்கி, துணியில் வடிகட்டி ஃபிளாஸ்கில் நிரப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு தம்ளருக்கும் தனித்தனியே டிக்காஷனும் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஆற்றித் தருகிற நம் தமிழ்நாட்டு டீ மாஸ்டரிடம் ‘சர்க்கரை கம்மி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. இங்கோ ஃபிளாஸ்குக்குள் போனது போனதுதான். அண்மையில் அப்படியொரு கடையில் நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள், “அண்ணா, எனக்குச் சர்க்கரை போடாம ஒண்ணு குடுங்க” என்று கேட்டதும், கடைக்காரர், “போட்டே காய்ச்சியாச்சும்மா. பால் இல்லாம வேணும்னா சொல்லுங்க, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தனியாப் போட்டுத் தரேன்” என்று பதில் சொன்னதைக் கேட்டேன். அந்தப் பதிலுக்குள் எடை குறைக்கும் வழி முழுவதும் அடங்கியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணக்கைப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு தம்ளர் டீயில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம் சர்க்கரை சேருகிறது. 50 மில்லி பாலாவது சேருகிறது. நந்தினியின் நீல நிறப் பாக்கெட்டில் வருகிற 3 சதவீதக் கொழுப்புள்ள பாலாகவே இருந்தாலும், பாலுக்கு 30, சர்க்கரைக்கு 40 என்று தம்ளர் ஒன்றுக்கு 70 கலோரி ஆகிறது. நாளைக்கு நான்கு தம்ளர் குடிப்பவருக்கு 280. சர்க்கரை மட்டுமே 40 கிராம். உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிற்பது உத்தமம் என்று 2015இல் சொன்னதை, இவர் மாலை விளக்கு வைப்பதற்குள் டீயினாலேயே தாண்டிவிடுகிறார். லால்பாக்கில் அரைமணி நேரம் வேகமாக நடந்தால் 65 கிலோ எடையுள்ளவர் செலவிடுவது ஏறத்தாழ 120 கலோரி. நடை முடிந்து வெளிவாசலில் இரண்டு தம்ளர் டீ குடித்தால், நடந்த பயன் முழுவதையும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் அர்த்தம்.

இந்த நான்கு தம்ளரிலும் சர்க்கரையை மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு 160 கலோரி குறைகிறது. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி இருப்பதால், ஏட்டுக் கணக்கின்படி 48 நாளில் ஒரு கிலோ குறையவேண்டும். ஆனால் தேகம் இளைக்க இளைக்க அதன் செலவும் குறைந்துகொண்டு வருவதால் உண்மை அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால் 2011இல் வெளியிட்ட கணக்கின்படி பார்த்தால், முதல் வருஷத்தில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலாகவும், மூன்று வருஷங்களில் ஆறு கிலோவுக்கு மேலாகவும் குறைய இடமிருக்கிறது. சர்க்கரை போன இடத்தில் வேறொன்றைச் சாப்பிட்டு ஈடுகட்டாமல் இருந்தால், பசியோடு கிடக்காமல், ஒரு வேளைச் சோற்றையும் விடாமல் கிடைக்கிற லாபம் இது. நாற்பது கிராமையும் மூன்று கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர், எந்தப் பக்கம் தம் முயற்சியைச் செலுத்துவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டீயைத் தனியாகக் குடிப்பவர்கள் பெங்களூரில் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஹாசன் பகுதியிலிருந்து வந்த ஐயங்கார்கள் தொடங்கி வைத்த பேக்கரிகள் இந்நகரத்தின் தெருவுக்குத் தெரு பரவியிருக்கின்றன. மாலை நாலரை மணிக்கு அவற்றின் முன்னால் கூடுகிற கூட்டம், ஒரு கையில் டீயும் மறு கையில் காரா பன்னோ, தில்பசந்தோ, வெஜிடபிள் பஃப்ஸோ வைத்துக்கொண்டுதான் நிற்கும். அந்த மணம் எத்தகையது என்பதை அறிந்தவர் எவரும் அதைக் குறைவாகப் பேசமாட்டார். இருந்தாலும் ஒரு பஃப்ஸில் 200 கலோரிக்குக் குறையாது. டீக்காகப் பலகாரம் வருகிறதா, பலகாரத்துக்காக டீ வருகிறதா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பழக்கத்தில் பின்னிக் கிடப்பதால், ஒன்றின் நேரத்தையோ இடத்தையோ மாற்றாமல் மற்றொன்றை விடுவது கடினம். பேக்கரி வாசலில் நின்றுகொண்டு மனத்தை அடக்குவதைவிட, அந்த மாலை டீயைக் காரியாலயத்திலோ வீட்டிலோ நாமே போட்டுக் குடித்துவிடுவது சுலபம் என்பதைப் பலர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

இதே நகரத்தில் மிதத்தைக் கற்பிக்கிற ஒரு நல்ல சம்பிரதாயமும் இருக்கிறது. இரண்டு சிநேகிதர்கள் தர்ஷினி ஓட்டலுக்குள் நுழைந்து ‘பை டூ’ என்று சொன்னால், ஒருவருக்குரிய காப்பியோ டீயோ இரண்டு தம்ளரில் பங்கிடப்பட்டு வந்துவிடும். கொடுப்பவரும் முகம் சுளிப்பதில்லை, வாங்குபவரும் வெட்கப்படுவதில்லை. சிக்கனத்தினால் பிறந்ததோ சிநேகத்தினால் பிறந்ததோ, ஆகார விஷயத்தில் இதைவிட நாகரிகமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாலும் சர்க்கரையும் கலந்த டீயை விடவே முடியாது என்கிறவர்கள் இந்த வழக்கத்தைப் பற்றிக்கொள்ளலாம். அல்சூர் ஏரிக்கு அருகே 2009இல் திறக்கப்பட்ட சிலையில் வீற்றிருக்கிற திருவள்ளுவர், மருந்து என்று ஓர் அதிகாரம் பாடியபோது மூலிகைகளின் பெயர்களை அடுக்காமல், முன்பு உண்டது செரித்ததா என்பதையும் உண்ணும் அளவையும் பற்றியே பெரும்பாலும் பேசினார் என்பதை அந்த ஏரியைச் சுற்றி நடக்கிற தமிழர்களாவது நினைவில் வைக்கலாம்.

பாலையும் சர்க்கரையையும் விட்டால் டீயில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களின் மனக்குறை நியாயமானதே; ஏனென்றால் நம் கடைகளில் விற்கிற தூள் அதற்காகவே செய்யப்பட்டது. 1930ஆம் ஆண்டையொட்டி அஸ்ஸாமின் ஆம்கூரித் தோட்டத்தில் மெக்கெர்ச்சர் என்ற துரை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற ஒரு யந்திரத்தை உபயோகத்துக்குக் கொண்டுவந்தார். ‘சி.டி.சி.’ என்று பாக்கெட்டுகளில் அச்சிடப்பட்டிருப்பது அந்த முறையைத்தான். அப்படிச் செய்த தூள் வெந்நீரில் விழுந்த மாத்திரத்தில் கருமையாக இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும், மலிவாகவும் கட்டுப்படியாகும். ஆனால் தனியாகக் குடித்தால் நாக்கு வறண்டு போகும். நீலகிரியில் பழைய முறையில் இலையைச் சுருட்டி உலர்த்திச் செய்கிற முழு இலைத் தேயிலையோ, வெறும் வெந்நீரிலேயே மெல்லிய பொன்னிறமும் பூவின் வாசனையுமாக இறங்குகிறது. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இத்தனை அருகில் இருந்துகொண்டு, நல்ல இலையை ஒரு முறையேனும் பால் கலக்காமல் ருசி பார்க்காதவர்கள் நம்மில் இவ்வளவு பேர் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. பச்சை, கறுப்பு என்று இரண்டு செடிகள் இல்லை. ஒரே செடியின் இலையைப் பறித்தவுடன் சூடு காட்டி நிறம் மாறாமல் நிறுத்தினால் பச்சை, காற்றுப்பட்டு நிறம் மாறவிட்டால் கறுப்பு. எடை விஷயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கத் தேவையில்லை. எது சர்க்கரையில்லாமல் உங்கள் நாக்குக்குப் பிடிக்கிறதோ அதுவே உங்களுக்கு உகந்தது.

வழக்கத்தில் இதற்கு உதாரணங்கள் இல்லாமல் போகவில்லை. சிவாஜி நகரத்து முஸ்லிம் ஓட்டல்களில் பிரியாணிக்குப் பின் வருகிற சுலைமானி, பால் சேராதது, எலுமிச்சை பிழிந்தது. மலையாளிகளின் கட்டன் சாயாவும் அந்த ஜாதியே. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பிளேன் டீயைச் சர்க்கரையில்லாமல் ஊற்றிக்கொண்டு, பனங்கட்டியில் ஒரு சிறு துண்டைக் கையில் வைத்துக் கடித்தபடி குடிப்பார்கள். இனிப்பு நாக்கில் படுகிறது, தம்ளரில் கரைந்து காணாமற் போவதில்லை. ஒரேயடியாக இனிப்பை நிறுத்த முடியாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான். தேனைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் மட்டும், தேனும் சர்க்கரையே என்பதை மறக்கலாகாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது.

இனி, எச்சரிக்கையாகச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று. எடை குறைக்கவேண்டும் என்ற ஆவலில், சாப்பாட்டோடு சாப்பாடாகவோ, கை கழுவியவுடனேயோ பச்சைத் தேநீர் குடிக்கிற பழக்கம் பெண்களிடையே பரவி வருகிறது. கொழுப்பை அது அங்கேயே அறுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுபடுவது கொழுப்பன்று, இரும்புச்சத்து. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் தானியத்திலும் உள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதைக் கிரகிக்கவொட்டாமல் செய்துவிடுகின்றன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு அருகே வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்களைக் கொண்டு நடத்தி 1975இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் குடித்தபோது உடலில் சேரும் இரும்பு மிகவும் குறைந்துபோனது நிரூபணமாயிற்று. கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 47.8 சதவீதத்தினரும், தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினரும் ரத்த சோகையுடன் இருக்கிறார்கள் என்று முன்சொன்ன தேசிய ஆய்வே கூறுகிறது. பருமனாயிருக்கிற பெண்ணுக்கு ரத்த சோகை இருக்காது என்று நினைப்பது பெரும் பிழை. இரண்டும் ஒரே தேகத்தில் குடியிருக்கும். இளைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு இளைப்பு வாங்குகிற நிலைக்கு நம் வீட்டுப் பெண்கள் வந்துவிடக் கூடாதே என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கவலை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பி குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பது இதனாலேயே. எலுமிச்சைச் சாறு இரும்பைக் கிரகிக்க உதவுவது மெய்தான். அதற்காக இந்த இடைவெளியைக் கைவிட்டுவிடக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அதை விழுங்கிய கையோடு காப்பியோ டீயோ குடிக்காமல், வைத்தியர் சொன்ன நேரம் வரை காத்திருக்கவேண்டும்.

கஃபீனைப் பற்றியும் அதே நிறுவனம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது: நாளைக்கு 300 மில்லிகிராம். 150 மில்லி தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை இருப்பதால், நான்கு கோப்பையில் நின்றுகொள்கிறவர்களுக்குப் பயமில்லை. ஆனால் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் கடல் கடந்த தேசத்தின் பகலைத் தங்கள் இரவாக்கிக்கொண்டு வேலை பார்க்கிற இளைஞர்கள், கண் சொருகும்போதெல்லாம் டீ இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகிறார்கள். உட்கொண்ட கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. விடியற்காலையில் வீடு திரும்பிப் படுத்தாலும் தூக்கம் முழுமையாக வருவதில்லை. தூக்கம் குறைந்தால் எடை கூடுமா என்று ஆச்சரியப்பட வேண்டாம். சிக்காகோ சர்வகலாசாலையில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தபோது, பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, பசியை அடக்கும் சுரப்பு குறைந்து, பசியே 24 சதவீதம் அதிகரித்தது என்று 2004இல் எழுதினார்கள். அப்படிப்பட்ட பசி இனிப்பையும் மாவுப் பண்டத்தையுமே தேடுகிறது. ஆகையால் படுக்கைக்கு முன்னால் குடிக்கிற பச்சைத் தேநீர், இளைப்பதற்கு உதவுவதற்குப் பதிலாகக் கெடுதலே செய்யக்கூடும். மறுபுறம், பீன்யாவிலும் மைசூர் சாலையிலும் உள்ள தையல் ஆலைகளுக்கு விடிகாலையில் ஓடுகிற பெண்களில் சிலர், காலை ஆகாரத்துக்குப் பதிலாக ஒரு டீயோடு பஸ் ஏறுகிறார்கள். டீ பசியை மந்தப்படுத்தும் என்பது உண்மை, அது ஆகாரமாகிவிடாது. இரண்டு இட்லியையும் கொஞ்சம் சாம்பாரையும் விட்டுவிட்டு டீயால் வயிற்றை ஏமாற்றுகிறவருக்கு எடை குறைக்கும் யோசனையே தேவையில்லை, தேவை சாப்பாடு.

‘ஸ்லிம்மிங் டீ’ என்ற பெயரில் விற்கிற பொடிகளைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. அவற்றில் பலவற்றில் நிலாவாரை கலந்திருக்கிறது. அது பேதி மருந்து. மறுநாள் தராசு காட்டுகிற குறைவு உடலைவிட்டுப் போன தண்ணீரின் எடையே. இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்தை, பெயர் சொல்லாமல் கலந்து விற்ற தேநீர்ப் பொடிகள் வெளிநாடுகளில் பிடிபட்டதும் உண்டு. பச்சைத் தேயிலைச் சத்தைக் குளிகையாக்கி விழுங்குகிறவர்களுக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் ஓர் எச்சரிக்கை செய்தது: அதிலுள்ள முக்கியமான கேட்டகின் நாளைக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம் என்பது. வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிற சாதாரணத் தேநீரைப் பொதுவில் பாதுகாப்பானது என்றே அந்த ஆணையமும் சொல்லியிருக்கிறது. இலையில் இல்லாத சக்தியை அதிலிருந்து பிழிந்தெடுக்க முயல்கிறபோதுதான் ஆபத்து வருகிறது.

சர்க்கரையில்லாத தேநீர் மனத்துக்குப் பிடிக்கவேண்டுமானால் அதைச் சரியாகப் போடத் தெரியவேண்டும். கசந்துபோன தேநீரை யாரும் நெடுநாள் குடிக்கமாட்டார்கள். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. கறுப்புத் தேயிலைக்கு அந்தச் சூடு சரி. பச்சைத் தேயிலைக்கு அது அதிகம்; அடுப்பை அணைத்து மூடியைத் திறந்து நாலைந்து நிமிஷம் ஆறவிட்டு, 80 டிகிரி அளவுக்கு இறங்கியபின் இலையைப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் வடிகட்டிவிடவேண்டும். பையைத் தம்ளரிலேயே கிடக்கவிட்டுப் பிழிந்து குடிக்கிறவர்கள் துவர்ப்பைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரும் முக்கியம். காவிரி நீர் வருகிற பேட்டைகளில் தேநீர் தெளிவாக இறங்குகிறது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கிற வெளிப்புறக் குடியிருப்புகளிலோ, அந்த உப்பு நீரில் போட்ட தேநீரின் மேலே ஓர் ஏடு படர்ந்து நிறமும் மங்கிவிடுகிறது. வடிகட்டிய குடிநீரையே அதற்கு உபயோகிப்பது நல்லது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளின் ஒழுங்கு இப்படி அமையலாம்: காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, பதினொரு மணிக்கு ஒரு கோப்பை. பிற்பகல் மூன்றரைக்கு, பேக்கரியின் வாசனை காற்றில் வருவதற்கு முன்னால், இன்னொரு கோப்பை. நல்ல முழு இலையானால் முதல் தடவை ஊறிய இலையையே பிற்பகலில் இரண்டாம் தடவையும் ஊறவைக்கலாம். சற்று மெலிந்திருந்தாலும் ருசி குன்றுவதில்லை, செலவும் பாதியாகும். அதற்கு மேல் இரவில் சூடாக ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் தேயிலையைத் தொடவேண்டியதில்லை. கொத்துமல்லி விதை, சீரகம், மிளகு மூன்றையும் வறுத்து இடித்து வைத்துக்கொண்டு கொதிக்கவைக்கிற கஷாயம் இவ்வூர்க் கன்னட வீடுகளிலும் தர்ஷினிகளிலும் என்றைக்குமே உண்டு. அதில் கஃபீன் கிடையாது. கடைகளில் அதைப் பாலும் வெல்லமும் சேர்த்தே தருவார்கள் என்பதால், வீட்டில் தண்ணீரிலேயே வைத்துக் குடிப்பது எடையைக் கவனிக்கிறவர்களுக்கு ஏற்றது.